140 மீட்டரா, 10 மீட்டரா? சுடப்பட்ட ஒரு புள்ளிமானின் வழக்கு

தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கே, காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டிய ஒரு ராகிக் கொல்லையின் ஓரத்தில் ஆண் புள்ளிமான் ஒன்று சுடப்பட்டுக் கிடந்தது. சுட்டவர் யார் என்பதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கொல்லைக்காரரே மறுநாள் மதியத்துக்குள் ஒத்துக்கொண்டார். எங்கிருந்து சுட்டார் என்பதில்தான் வழக்கு சிக்கிக்கொண்டது.

அவர் சொன்னது இது: "என் பட்டா நிலத்துல, பரண்மேல உட்கார்ந்திருந்தேன். வேலியோரம் ஏதோ அசைஞ்சது. பன்றின்னு நினைச்சு சுட்டேன். காட்டுக்குள்ள நான் காலே வைக்கல." பரணிலிருந்து மான் கிடந்த இடம்வரை டேப் வைத்து அளந்தபோது 140 மீட்டர் வந்தது. வனத்துறைக்கு வேறு சந்தேகம். சரணாலயத்துக்குள் இருக்கும் ஒரு குட்டைக்கரையில் பதுங்கியிருந்து, தண்ணீர் குடிக்க வந்த மானைப் பக்கத்திலேயே வைத்துச் சுட்டிருக்கிறார், அடிபட்ட மான் ஓடிவந்து கொல்லையோரம் விழுந்திருக்கிறது என்பது அவர்கள் கணிப்பு.

மான் செத்தது செத்ததுதானே, எங்கிருந்து சுட்டால் என்ன என்று கேட்கலாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நடக்கும் வேட்டைக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சொந்த நிலத்தில் பயிர்க் காவலுக்கு இருந்தவன் இருட்டில் தவறிச் சுட்டான் என்றால் அதுவும் குற்றம்தான், ஆனால் நீதிமன்றம் அதைப் பார்க்கும் பார்வை வேறு. ஒரு குடும்பத்தின் சில வருடங்கள் அந்தத் தூரத்தைப் பொறுத்து இருந்தன. அதனால் சும்மா "பக்கத்திலிருந்து சுட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. உடற்கூறு செய்த கால்நடை மருத்துவன் என்ற முறையில் அந்தத் தூரத்தை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊர், ஆள், சர்வே எண் எதுவும் இதில் இல்லை.

சம்பவ இடம்

நிலத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கொல்லை நீளவாக்கில் கிடக்கிறது. ஊர்ப்பக்கத்து முனையில் நாலு கம்பு நட்டு, மேலே பலகை போட்ட பரண். ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம். எதிர்முனையில் கல்வரப்பும் முள்வேலியும். வேலிக்கு அந்தப்பக்கம் சரணாலயம் தொடங்கிவிடுகிறது. உண்ணிச்செடியும் சீமைக்கருவேலும் ஆளுயரத்துக்கு அடைத்துக்கொண்டு நிற்கின்றன, நடுநடுவே மான் போகிற ஒற்றையடித் தடம். அந்தத் தடத்தில் எண்பது மீட்டரைத் தாண்டினால் குட்டை.

இரவு ரோந்தில் இருந்த வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு வெடிச்சத்தம் கேட்டிருக்கிறது. ஒரே ஒரு சத்தம். திசை தெரியாமல் இரவெல்லாம் தேடி, விடிந்ததும் கல்வரப்புக்கு இந்தப்பக்கம் மானைப் பார்த்தார்கள். துப்பாக்கி பிறகுதான் கிடைத்தது, வைக்கோல் போருக்குள் சாக்கில் சுற்றி. எஸ்.பி.எம்.எல். என்று எங்கள் பக்கம் காவல்துறையும் வனத்துறையும் சொல்கிற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, மேலே குண்டுகளைப் போட்டு, மறுபடி நாரால் அடைக்கிற வகை. உரிமம் கிடையாது. குண்டு என்று அவர்கள் போடுவது சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மலையோர ஊர்களில் இந்தத் துப்பாக்கி புதிதல்ல. தாத்தா காலத்தில் பயிர்க் காவலுக்கு உரிமத்தோடு வாங்கியதும் உண்டு, பட்டறையில் ரகசியமாக அடித்ததும் உண்டு. உரிமமில்லாததைத் தானாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால் வழக்கில்லை என்று அதிகாரிகள் ஊர் ஊராகச் சொல்லி, நிறையப் பேர் ஒப்படைத்திருக்கிறார்கள். ஒப்படைக்காதவையும் இருக்கின்றன.

மானின் உடம்பு சொன்னது

உடற்கூற்றை அங்கேயே புளியமரத்தடியில் செய்தோம். ரேஞ்சர், வனவர், மகஜரில் கையெழுத்துப் போட ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார்.

இடதுபக்கம், முன்னங்கால் சப்பைக்குப் பின்னால் ஒன்பது துளைகள். ரோமத்தை மழித்துவிட்டு அளந்தேன். மிக விலகியிருந்த இரண்டு துளைகளுக்கு நடுவே 22 சென்டிமீட்டர். மற்றவை எல்லாம் அதற்குள் அடக்கம். என் விரித்த கையை மேலே வைத்தால் அநேகமாக எல்லாத் துளையும் மூடிவிடும். விலாவெலும்பு இரண்டு நொறுங்கியிருந்தது. ஏழு குண்டுகளை நுரையீரலிலிருந்தும், மறுபக்கத் தோலுக்கு அடியிலிருந்தும் எடுத்தேன். இரண்டு வெளியே போயிருந்தன. எடுத்தவை கால் அங்குல இரும்புக் குண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு கிராம் அளவு.

ஒரு துளையின் உதட்டில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த புல் என்று துடைத்துவிடத் தோன்றும். இடுக்கியால் பிடித்து இழுத்தபோது இரண்டு விரற்கடை நீளத்துக்கு வந்தது. ஒரு நுனி கருகியிருந்தது. தேங்காய் நார்.

அந்த ஒரு நாருக்கு நான் ஏன் இவ்வளவு மதிப்புக் கொடுத்தேன் என்றால், நாருக்கு எடை கிடையாது. குழலை விட்டு வெளியே வந்ததும் காற்று அதைத் தடுத்துவிடும், சில மீட்டரில் வேகம் செத்துத் தரையில் விழும். இரும்புக் குண்டோடு சேர்ந்து ஒரு இழை மானின் தோல்வரை வந்திருக்கிறது என்றால் குழல் எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இல்லாவிட்டாலும், கூப்பிடு தூரத்துக்கு ரொம்பவும் முன்னால் இருந்திருக்கிறது. அதேசமயம் தோலில் கரியோ, மருந்துத் துகள் குத்திய புள்ளிகளோ இல்லை. அதாவது குழல் உடம்பை ஒட்டியும் இல்லை, ஓரிரு மீட்டருக்குள்ளும் இல்லை.

வயிற்றைத் திறந்து பார்த்தேன். புல், கருவேலங்காய், கொஞ்சம் இலை. ராகிக் கதிர் ஒன்றுகூட இல்லை. கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த மான் இல்லை இது.

"வீடியோல 400 மீட்டர்ல அடிக்கிறாங்களே சார்"

இந்த இடத்தில் வனவர் கேட்டார். இளைஞர், படித்தவர், கேட்டதில் நியாயம் இருந்தது. "வெளிநாட்டு வீடியோல எல்லாம் மானை 300 மீட்டர், 400 மீட்டர்ல அடிக்கிறாங்களே சார். இவர் 140-ல அடிச்சிருக்கவே முடியாதுன்னு எப்படிச் சொல்றது? கோர்ட்ல வக்கீல் இதைத்தானே கேட்பார்?"

கேட்டார் என்றால் பதில் வேண்டும். அதனால் ரைபிள் வேட்டை சட்டப்படி நடக்கிற நாடுகளில் மான் உண்மையில் எத்தனை தூரத்தில் சுடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே அறிக்கையோடு சேர்த்தேன்.

வீடியோவில் வருவது விளிம்பு. நடப்பு அதைவிட ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வெள்ளைவால் மான் பெரும்பாலும் 100 கெஜத்துக்குள்தான் (ஏறக்குறைய 91 மீட்டர்) சுடப்படுகிறது. மரம் அடர்ந்த இடத்தில் 50 கெஜம் சாதாரணம். மேற்கே புல்வெளியும் மொட்டை மலையுமாக இருக்கிற மாநிலங்களில் எல்க், மியூல் மான், பிராங்ஹார்ன் போன்றவற்றுக்கு 200, 300 கெஜம்வரை போகிறது. ஸ்காட்லாந்து மலைகளில் செம்மானை வயிற்றால் தவழ்ந்து நெருங்கி, 100-லிருந்து 200 மீட்டருக்குள் சுடுவதுதான் அங்குள்ள வழக்கம். ஆப்பிரிக்காவில் காட்டெருமைக்கு 50 மீட்டரைத் தாண்டினாலே பல வழிகாட்டிகள் சம்மதிக்க மாட்டார்கள். யானை என்றால் இருபது, முப்பது மீட்டர். விலங்கு பெரிதாகவும் ஆபத்தானதாகவும் ஆக ஆக, சுடுகிற தூரம் குறைந்துகொண்டே வருகிறது என்பது கேட்கிறவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும். ஒரே குண்டில் விழாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் புரிந்துவிடும்.

வேட்டை உரிமம் கொடுக்க அந்த நாடுகள் வைக்கிற தேர்வைப் பார்த்தாலும் இதே கதைதான். பின்லாந்தில் மூஸ் போன்ற பெரிய மான்களைச் சுட விரும்புகிறவர் 75 மீட்டரில், 23 சென்டிமீட்டர் வட்டத்துக்குள், நாலு குண்டையும் போட்டுக் காட்ட வேண்டும். நார்வேயில் 100 மீட்டரில் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து குண்டு. ஸ்வீடனில் ஓடுகிற மூஸ் பொம்மையை வைத்துப் பழகுவது 80 மீட்டரில். ஜெர்மனியில் சட்டமே குண்டின் வலுவை 100 மீட்டரில் அளக்கச் சொல்கிறது: சின்ன ரோ மானுக்கு 1,000 ஜூல், அதைவிடப் பெரிய குளம்பு விலங்குகளுக்கு 2,000 ஜூல், அதோடு 6.5 மில்லிமீட்டருக்குக் குறையாத குண்டு. வேட்டை தலைமுறை தலைமுறையாக நடக்கிற நாடுகள் ஒரு ஆளைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த தூரம் 75, 80, 100 மீட்டர். 400 அல்ல.

இத்தனைக்கும் அவர்கள் கையில் இருப்பது என்ன? தொலைநோக்கி பொருத்திய ரைபிள். குழலுக்குள் முறுக்குக் கோடு வெட்டியிருப்பதால் குண்டு சுழன்றுகொண்டே போய் நேர்கோட்டைப் பிடிக்கும். 1906-லிருந்து புழக்கத்தில் இருக்கும் முப்பது-நாட்-சிக்ஸ் ரைபிளை எடுத்துக்கொண்டால், 180 கிரெயின் (ஏறக்குறைய 12 கிராம்) குண்டு வினாடிக்கு 800 மீட்டருக்கு மேலான வேகத்தில் கிளம்புகிறது. அதை 200 கெஜத்துக்குச் சரிசெய்து வைத்தால் 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும், 300 கெஜத்தில் எட்டு ஒன்பது அங்குலம் கீழே, 400 கெஜத்தில் கிட்டத்தட்ட இரண்டு அடி கீழே. பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று அடித்தால் 300 கெஜத்தில் ஆறேழு அங்குலம் தள்ளிக்கொண்டு போய்விடும். மானின் உயிர்நிலை, அதாவது இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம், 20-லிருந்து 25 சென்டிமீட்டர்தான். தூரத்தையோ காற்றையோ கொஞ்சம் தப்பாகக் கணித்தால் குண்டு குடலில் போய்ப் படும். இது போதாதென்று 300 கெஜத்துக்குக் குண்டு போய்ச்சேர ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகிறது. அதற்குள் மான் ஒரு அடி எடுத்து வைத்துவிடும்.

குடலில் அடிபட்ட மான் விழாது. ஓடி ஒளிந்து, நாள்கணக்கில் கிடந்து சாகும். புண்ணில் புழு நெளிய, எழுந்திருக்க முடியாமல், ஆனால் கண்ணைத் திறந்து நம்மைப் பார்த்தபடி கிடக்கிற மானை என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கு நான் செய்ய முடிந்தது மிகக் குறைவு. தூரச் சுடுதலைப் பெருமையாகப் பேசுகிற யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் வேட்டைக்காரர்களுடையதுதான். அந்தச் சங்கமே வெகுதூரத்திலிருந்து சுட்டுப் பார்க்கும் பழக்கத்தை நியாயமான வேட்டையாக ஏற்பதில்லை.

நம் காட்டில் எப்போதும் கிட்டத்தில்தான்

இந்த மலைகளில் வேட்டை சட்டப்படி நடந்த காலமும் உண்டு. தருமபுரி 1965-இல் தனி மாவட்டமாகும்வரை இதெல்லாம் சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்து எழுதியவர். அவர் கையில் இருந்தது நானூற்று ஐந்து வின்செஸ்டர் ரைபிள். ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போனதும் அதே வகைதான். 300 கிரெயின் குண்டு. அந்தக் காலத்துக்கு அசுர வலு. அப்படிப்பட்ட ரைபிளோடு அவர் உட்கார்ந்தது மரத்தில் கட்டிய பரணில், கீழே கட்டிய மாட்டுக்கு மேலே, குழலில் டார்ச்சைப் பொருத்திக்கொண்டு. விலங்குக்கும் அவருக்கும் நடுவே இருந்தது சில பத்துக் கெஜம்.

காரணம் காடுதான். மேலகிரி மலைச்சரிவில் நின்று பாருங்கள். உண்ணிப் புதரும் மூங்கிலுமாக, முப்பது மீட்டருக்கு அப்பால் நிற்கிற கடமான்கூட ஒரு காதசைவாகத்தான் தெரியும். ரைபிள் ஆயிரம் மீட்டர் எட்டலாம், கண் முப்பது மீட்டர்தான் எட்டும். வெளிமான் மேய்ந்த பொட்டல்வெளியிலும், வரையாடு நிற்கும் நீலகிரிப் பாறைகளிலும் அந்தக்கால வேட்டைக்காரர்கள் 150, 200 கெஜத்தில் சுட்டது உண்மை. அஞ்செட்டிப் பக்கத்தில் அதற்கு வழியே இல்லை.

இப்போது அந்தக் குழலை எடுத்துக்கொள்வோம்

கைப்பற்றிய துப்பாக்கியில் முறுக்குக் கோடு இல்லை. குறிபார்க்கப் பின்காட்டி இல்லை, முனையில் ஒரு மணி மட்டும். உள்ளே போனது ஒற்றைக் குண்டும் இல்லை, உருண்டைகள். ராகி விதைக்கிறவர் கையை விட்டதும் விதை பிரிகிற மாதிரி, குழலை விட்டதுமே அவை பிரியத் தொடங்கிவிடும். முனை ஒடுங்காமல் நேராக இருக்கும் குழலுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, கெஜத்துக்கு ஒரு அங்குலம் விரியும் என்பது. நார் அடைப்பும் கைக்கணக்கு மருந்துமாக இருக்கும்போது அதைவிட மோசமாகத்தான் விரியும், இறுக்கமாக வராது. 22 சென்டிமீட்டர் விரிவு என்றால் எட்டு, ஒன்பது கெஜம் என்று வருகிறது. தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் 15 மீட்டர். 140 மீட்டரில் அதே ஒன்பது உருண்டையும் ஒரு மாட்டுவண்டி நீளத்துக்கு மேல் சிதறியிருக்கும். அவற்றில் ஒன்று மானில் பட்டாலே அதிசயம். ஒன்பதும் ஒரு கை அகலத்துக்குள் படுவதற்கு வாய்ப்பில்லை.

வேகமும் அப்படித்தான். ஒரு கிராம் உருண்டை காற்றில் சீக்கிரம் சோர்ந்துவிடும். வினாடிக்கு 300 மீட்டரில் கிளம்பினால்கூட 140 மீட்டரைத் தாண்டும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்திருக்கும். வலு வேகத்தின் இருமடியில் குறைவதால் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. தோலைக் கிழிக்கலாம், விலாவெலும்பை நொறுக்கி மறுபக்கத் தோல்வரை போகாது. போகிற வழியில் ஆளுயரத்துக்கு மேல் கீழே இறங்கியும் இருக்கும். அப்படியானால் பரணில் இருந்தவர் மானுக்கு மேலே வானத்தைப் பார்த்துக் குறிவைத்திருக்க வேண்டும், அதுவும் இருட்டில். தலையில் கட்டுகிற ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்தத் தூரத்தில் இரண்டு கண்கள் மின்னுவது தெரியலாம். உடம்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஹவில்தார் இதைச் சுருக்கமாகச் சொன்னார். "டாக்டர் சார், நான் ராணுவத்துல எஸ்.எல்.ஆர். ரைபிள் புடிச்சவன். பகல்ல, படுத்து, மூட்டைமேல சாச்சு, 300 மீட்டர்ல ஆளு அளவு டார்கெட்ட அடிச்சிருக்கேன். ராத்திரியில, ஆடுற பரண்மேல, இந்தக் குழாய வச்சுக்கிட்டு 140 மீட்டரா? என் பையன் சொன்னாலும் நம்ப மாட்டேன்."

கம்பியும் கயிறும்

இதுவரை சொன்னது எல்லாம் 140 மீட்டர் இல்லை என்பதற்குத்தான் ஆதாரம். அப்படியானால் எங்கிருந்து?

துளைகளின் வழியே மெல்லிய கம்பிகளை விட்டுப் பார்த்தோம். மூன்று தடங்கள் தெளிவாக இருந்தன. மூன்றுமே இடதுபக்கம் தாழ்வாக நுழைந்து வலதுபக்கம் சற்று மேலே முடிந்தன. ஏழெட்டு டிகிரி ஏற்றம். பரண்மேலிருந்து சுட்டால் குண்டு கீழ்நோக்கி வரவேண்டும். இங்கே கீழேயிருந்து மேலே போயிருக்கிறது. இதை மட்டும் வைத்து நான் முடிவுக்கு வரமாட்டேன். மான் சரிவில் சாய்ந்து நின்றாலும், அடிபடுகிற நேரத்தில் உடம்பைத் திருப்பியிருந்தாலும் கோணம் மாறிவிடும். மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்கத்தான் இது.

அப்புறம் ரத்தத்தைப் பின்தொடர்ந்தோம். நுரையீரலில் அடிபட்ட மான் உடனே விழாது. ஐம்பது, நூறு மீட்டர் வேகமாக ஓடித்தான் விழும். வழியெல்லாம் இளஞ்சிவப்பில் நுரைத்த ரத்தம் தெறிக்கும். கல்வரப்பிலிருந்து வேலிக்கு அந்தப்பக்கம், உண்ணிச்செடியின் இலைகளில் முழங்கால் உயரத்தில் அந்த நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. வேலியின் முள்ளில் ரோமம். அங்கிருந்து ஒற்றையடித் தடத்தில் துளித்துளியாகப் போய்க் குட்டைக்கரையில் நின்றது. அதற்கு அப்பால் ரத்தம் இல்லை. கரைமேல் ஈரமண்ணில் குளம்புகள் ஆழமாகப் பதிந்து, பின்பக்கம் மண்ணை வாரித் தள்ளியிருந்தன. திடுக்கிட்டுப் பாய்ந்த இடம் அது.

கரையின் வெளிச்சரிவில், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் தாழ்வாக, புதருக்குள் ஒரு ஆள் குந்தி உட்காருகிற அளவுக்குக் கிளைகளை ஒடித்துச் செருகிய மறைப்பு. புதிதாக ஒடித்தவை, இலை முழுதாக வாடவில்லை. அதற்கும் கரைக்கும் நடுவே, தரையில், கருகிய நார்த்துணுக்குகள். வனக்காப்பாளர்தான் முட்டிபோட்டுப் பொறுக்கியெடுத்து உறையில் போட்டார். குந்திய ஆளின் தோள் உயரத்தில் ஒரு குச்சியை நட்டு, குளம்புத் தடத்துக்கு மேலே மானின் மார்பு உயரத்தில் இன்னொரு குச்சியை நட்டுக் கயிறு கட்டினோம். நீளம் ஒன்பது மீட்டர் சொச்சம். கயிற்றின் ஏற்றம் கம்பிகள் காட்டிய ஏற்றத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது.

துப்பாக்கியும் குண்டுகளும் நாரும் நீதிமன்றத்தின் வழியாகத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயின. கைப்பற்றிய துப்பாக்கியிலேயே அதேபோன்ற மருந்தும் உருண்டையும் போட்டு, வேறுவேறு தூரத்தில் காகிதத்தில் சுட்டுப் பார்க்கக் கேட்டிருந்தோம். எங்கள் கணிப்பை ஒட்டித்தான் முடிவும் வந்தது.

கொல்லைக்காரர் பக்கம்

அவரைக் கொடியவர் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. கன்னடம் கலந்த தமிழில், தலையைக் குனிந்தபடி, பன்றி எத்தனை தடவை கடலைக்காயைத் தோண்டிப்போட்டது என்று சொன்னார். அது பொய்யில்லை. அந்தக் கொல்லையின் ஒரு மூலை உழுதுபோட்ட மாதிரிதான் கிடந்தது. காட்டோரத்தில் பயிர் வைக்கிறவர்களின் இழப்பு நிஜம். இழப்பீடு வந்துசேர ஆகும் காலமும் நிஜம்.

பன்றி விஷயத்தில் அரசும் அசையாமல் இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு தூரத்தை வைத்தே ஒரு விதியை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1-லிருந்து 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் சுடலாம், அதையும் வனத்துறைதான் செய்யும். இந்தக் கொல்லை வேலியே சரணாலய எல்லை என்பதால் அந்த விதியால் இவருக்கு எந்தப் பயனும் இல்லை. என்னைக் கேட்டால், காட்டை ஒட்டிய அந்த முதல் கிலோமீட்டரில்தான் விவசாயிக்குச் சூரியமின் வேலியும் விரைவான இழப்பீடும் முதலில் போய்ச்சேர வேண்டும்.

ஆனால் பயிர்க் காவலுக்கு இருக்கிறவன் பயிர்ப்பக்கம்தான் உட்காருவான். எண்பது மீட்டர் காட்டுக்குள் போய், தண்ணீருக்கு வருகிற தடத்தைப் பார்த்து, கிளை ஒடித்து மறைப்புக் கட்டிக் காத்திருந்தது கறிக்காக.

நீதிமன்றத்தில்

சரணாலயத்துக்குள் வேட்டை என்ற பிரிவோடும், உரிமமில்லாத துப்பாக்கிக்காக 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழும் வழக்குப் போடப்பட்டது. என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். வனவர் எதிர்பார்த்தபடியே எதிர்த்தரப்பு வக்கீல் வெளிநாட்டு ரைபிள்களில் தொடங்கினார். 300 கெஜத்தில் மான் சுடப்படுவது உண்டா, இல்லையா? உண்டு என்றேன், எந்த ரைபிளால், எந்த வெளியில், எந்தத் தொலைநோக்கியோடு என்பதையும் சேர்த்துச் சொல்ல அனுமதி கேட்டுச் சொன்னேன். மேசைமேல் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியின் குழலுக்குள் முறுக்குக் கோடு இல்லை என்பதை நீதிபதி தானே எடுத்துப் பார்த்தார்.

பிறகு வக்கீல் கேட்டார்: "ஒன்பது மீட்டர் என்று உங்களால் அறுதியிட்டுச் சொல்ல முடியுமா டாக்டர்?"

"முடியாதுங்க ஐயா. காயத்தை மட்டும் வைத்துச் சொன்னால் எட்டிலிருந்து பதினைந்து மீட்டர்வரை எதுவாகவும் இருக்கலாம். ஒன்பது என்பது கரையில் கயிறு கட்டி அளந்தது."

"அப்படியானால் நூற்று நாற்பது?"

"அது இந்தத் துப்பாக்கியால் ஆகாது" என்றேன். அதை அப்படியே பதிவுசெய்துகொண்டார்கள்.